டிஸ்னி சாப்பாட்டை டென்ட் வாசலில் சமைக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள்ளேயே ஃபோர்ட் வில்டர்னஸ் என்று ஒரு முகாம் மைதானம் இருக்கிறது. பூங்கா திறந்த 1971-லேயே அதுவும் திறந்துவிட்டது. பைன் மரங்களுக்கு நடுவே டென்ட் போட்டுக்கொள்ளலாம், பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய், மின்சாரம், கரி போட்டுச் சுடுகிற ஒரு அடுப்பு, உட்கார்ந்து சாப்பிட ஒரு மர மேசை எல்லாம் உண்டு. நாங்கள் அட்லாண்டாவிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காரில் போகிறவர்கள். பகலெல்லாம் பூங்காவில் நடந்துவிட்டுத் திரும்பினால் பிள்ளைகளுக்கு இட்லியும் வேண்டாம், சாண்ட்விச்சும் வேண்டாம், அங்கே யாரோ கையில் வைத்துக் கடித்துக்கொண்டு போன அந்தப் பெரிய வான்கோழிக் கால்தான் வேண்டும், அப்புறம் மாவை நீளமாகப் பிழிந்து பொரித்துப் பட்டைச் சர்க்கரையில் புரட்டிய சுர்ரோ, அப்புறம் அன்னாசி ஐஸ்கிரீம். நாமே செய்துவிடலாம் என்று அப்பா அம்மாவுக்குத் தோன்றுவது அப்போதுதான். நல்ல யோசனைதான், நாங்களும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் பூங்காவின் சமையலறையில் இருப்பது பெரிய புகையடுப்பும் பொரிக்கும் எந்திரமும் ஐஸ்கிரீம் எந்திரமும், நம்மிடம் இருப்பது கரியும் ஒரு இரும்புச் சட்டியும் ஒரு பெட்டி ஐஸும். இதை மறந்துவிட்டு ஆரம்பிப்பதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

வான்கோழிக் காலையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதிகம் பேர் கோட்டைவிடுவது இதில்தான். பூங்காவில் விற்பது பச்சைக் காலைத் தீயில் வாட்டியது இல்லை. பன்றித் தொடையில் ஹாம் செய்கிற மாதிரி பதப்படுத்தும் உப்புக் கரைசலில் ஊறவைத்து, பிறகு மணிக்கணக்கில் புகையில் வேகவைக்கிறார்கள், அதனால்தான் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறது, சிலருக்கு அது வான்கோழியா பன்றியா என்றே சந்தேகம் வருகிறது. கடையில் பச்சைக் காலை வாங்கி வந்து நேராகக் கொழுந்துவிட்டு எரியும் தீயில் வைத்தால் அந்த ருசி எப்படி வரும்? ஒரு கால் ஒன்றரை பவுண்டு வரை இருக்கும், நடுவில் தடித்த எலும்பு வேறு. முதல் வருடம் நான் அப்படித்தான் வைத்தேன். அரை மணி நேரத்தில் தோல் கறுத்து முறுகி, பார்க்க அப்படியே பூங்காவில் விற்பது மாதிரி இருந்தது. கத்தியை எலும்பு வரை இறக்கினால் சிவப்பாகத் தண்ணீர் கசிகிறது, எலும்பை ஒட்டிய சதை கண்ணாடி மாதிரி வழவழவென்று நிற்கிறது. மணி ஒன்பதரை, சின்னவள் மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

இதற்கு வழி இரண்டு. எளிதானது, அமெரிக்க மளிகைக் கடைகளில் ஏற்கெனவே புகையில் வேகவைத்த வான்கோழிக் கால் கிடைக்கிறது, அட்டையில் முழுவதும் வெந்தது என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கி, ஃபாயிலில் சுற்றி, கரிக்கு ஓரமாக வைத்துச் சூடு பண்ணுங்கள், கடைசி ஐந்து நிமிஷம் பிரித்துத் தோலை முறுகவிடுங்கள். பச்சையிலிருந்துதான் செய்வேன் என்றால், வீட்டிலேயே ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50, 60 கிராம் உப்பும் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையும் போட்டு ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் ஊறவைத்துக்கொண்டு போங்கள். அடுப்பில் கரியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மறுபக்கம் காலை வைத்து, மேலே ஒரு அலுமினியத் தட்டைக் கவிழ்த்து மூடி, நிதானமாக வேகவிடுங்கள், ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெந்ததா இல்லையா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது. இறைச்சியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும், சதையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல், 74 டிகிரி செல்சியஸ், அதாவது 165 ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். எலும்பில் பட்டுவிட்டால் அளவு தப்பாகக் காட்டும்.

தீ பற்றி இன்னொன்று. கொழுந்து எரியும்போதே சட்டியை வைத்துவிடுகிறோம், பசி அப்படி. கரி மேலே வெள்ளைச் சாம்பல் பூக்கிற வரை 20, 30 நிமிஷம் பொறுக்க வேண்டும், அந்தக் கங்கில்தான் சீரான சூடு இருக்கிறது. அதற்கு முன்னால் வைத்தால் பற்றவைக்க ஊற்றிய திரவத்தின் வாடை சாப்பாட்டில் ஏறிவிடும்.

சுர்ரோவுக்கு வருவோம். 2020-ல் பூங்காக்கள் மூடிக் கிடந்தபோது டிஸ்னியே சுர்ரோ துண்டுகள் செய்முறையை வெளியிட்டது, மாவு, வெண்ணெய், முட்டை, பட்டைத்தூள் என்று எல்லாம் வீட்டில் இருக்கிற சாமான்தான். நம் வீட்டு முறுக்கு அச்சில் நட்சத்திரத் தட்டைப் போட்டுப் பிழிந்தால் அழகாக வரும். வழுவழுப்பான வட்ட ஓட்டைத் தட்டை மட்டும் போட வேண்டாம், வரி இல்லாமல் பிழிந்த சுர்ரோ உள்ளே நீராவி அடைத்து எண்ணெயில் வெடிக்கலாம். இதெல்லாம் வீட்டு அடுப்பில் செய்வதற்கு. முகாமில், ஆடுகிற மர மேசையில், சின்ன கேஸ் அடுப்பின் மேல் ஒரு சட்டி நிறையக் கொதிக்கிற எண்ணெயை வைத்துவிட்டு, சுற்றிலும் பிள்ளைகள் இருட்டில் ஓடிப் பிடித்து விளையாடும்போது பொரிப்பது வேண்டவே வேண்டாம் என்பேன். கூடாரத்தின் கயிறு ஒன்று காலில் தட்டினால் போதும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, கேஸை அணைத்துவிட்டு மூடியால் மூட வேண்டும், இது பொரிக்காதவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். மிச்ச எண்ணெயை எங்கே கொட்டுவது என்பது அடுத்த தலைவலி, மண்ணில் ஊற்றினால் ராத்திரியே சாப்பாட்டு வாசனை தேடி அலையும் ரக்கூன் என்ற விலங்கு வந்துவிடும்.

அதற்குப் பதில் நாங்கள் செய்வது இது: அமெரிக்காவில் பிஸ்கட் என்று சொல்லும் மெத்தென்ற ரொட்டிக்காக டப்பாவில் வரும் பச்சை மாவைக் கயிறு மாதிரி உருட்டி, சுத்தமான கம்பியில் சுற்றி, கங்குக்கு ஒரு சாண் மேலே திருப்பித் திருப்பி வாட்டுகிறோம். மெல்லிசாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெளியே சிவந்து உள்ளே மாவாக நிற்கும். பொன்னிறமானதும் உருக்கிய வெண்ணெயைத் தடவி, பட்டைத்தூளும் சர்க்கரையும் கலந்த தட்டில் புரட்டினால் சுர்ரோ வாசனை அப்படியே வரும். பொரித்த சுர்ரோவின் மொறுமொறுப்பு வராதுதான், ஆனால் பிள்ளைகள் தாங்களே கம்பியைப் பிடித்துச் சுட்டுக்கொள்வார்கள்.

அன்னாசி ஐஸ்கிரீம், டோல் விப் என்பார்கள். பூங்காவில் எந்திரம் காற்றைக் கலந்து கடைந்து அந்த மென்மையைக் கொடுக்கிறது. வீட்டில் செய்து கூலரில், அதாவது ஐஸ் பெட்டியில், வைத்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைப்பதுதான் தவறு, வெறும் ஐஸ் எவ்வளவு போட்டாலும் பெட்டி பூஜ்யத்துக்குக் கீழே போகாது, போய்ச் சேரும்போது ஜூஸாக இருக்கும். ஆனால் ஐஸில் கல் உப்பைக் கலந்தால் அது பூஜ்யத்துக்கும் நன்றாகக் கீழே இறங்கிவிடும். ஒரு டின் தேங்காய்ப் பாலில் பாதி, அதே அளவு டின் அன்னாசியை மசித்தது, கொஞ்சம் சர்க்கரை, இதை ஒரு ஜிப் பையில் போட்டுக் காற்றை எடுத்து மூடி, கசியாமலிருக்க அதை இன்னொரு பையில் போடுங்கள். பெரிய பை ஒன்றில் நாலு கப் ஐஸும் அரை கப் கல் உப்பும் போட்டு, அதற்குள் இதை வைத்து, துண்டைச் சுற்றிக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிஷம் குலுக்க வேண்டும். துண்டு முக்கியம், வெறுங்கையில் பிடித்தால் விரல் மரத்து வலிக்கும். முதலில் சளசளவென்று ஆடிக்கொண்டிருப்பது திடீரென்று கனத்து ஒரே உருண்டையாக உருளும், அந்தச் சத்தம் மாறுவதுதான் அடையாளம். வெளியே எடுத்ததும் பையின் மேல் இருக்கும் உப்புத் தண்ணீரைத் துடைத்துவிட்டுத் திறங்கள்.

டின் அன்னாசி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சூடு படாத புது அன்னாசியில் இருக்கும் ப்ரோமிலைன் என்ற நொதி பாலின் புரதத்தை உடைத்துக் கசக்க வைத்துவிடும். உறைய வைத்தாலும் அது போகாது, சூட்டில்தான் போகும், டின் பழம் சூடாக்கப்பட்டது. பசும்பாலோ க்ரீமோ சேர்க்கிறீர்கள் என்றால் இதை மறக்கவே கூடாது. நிஜ டோல் விப்பில் இப்போது பாலே கிடையாது, அதனால் தேங்காய்ப் பால் போடுவதில் ருசி ஒன்றும் விலகிப் போகாது.

கூலரை இன்னும் கவனிக்க வேண்டும். ஒரே பெட்டியில் பச்சை இறைச்சி, பிள்ளைகளின் ஜூஸ், நாளைக்கான முட்டை எல்லாவற்றையும் அடைத்தால், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை யாராவது திறந்துகொண்டேதான் இருப்பார்கள். குடிக்கிறதுக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று என்று இரண்டு பெட்டி வையுங்கள். இறைச்சியை வீட்டிலேயே உறைய வைத்து, கசியாமல் கட்டி, அடியில் வையுங்கள். சின்ன ஐஸ் கட்டிகளைவிடப் பெரிய பாட்டிலில் உறையவைத்த தண்ணீர் அதிக நேரம் நிற்கும், உருகினால் குடிக்கவும் ஆகும். 4 டிகிரி செல்சியஸுக்கும் 60-க்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும், அந்தச் சூட்டில் சாப்பாடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஃபுளோரிடாவின் ஜூலை மத்தியானம் எப்படியும் அதைத் தொட்டுவிடும். காலை எட்டு மணிக்குப் பூட்டிவிட்டுப் போய் ராத்திரி எட்டுக்கு வந்து திறக்கும் கூலரில் எல்லாம் தண்ணீராகியிருந்தால், இறைச்சியை முகர்ந்து பார்த்து முடிவு பண்ணாதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வெளியிலிருந்து விறகு கொண்டு போகாதீர்கள். ரெட்பே என்ற காட்டு மரங்களைக் கொல்லும் ஒரு சின்ன வண்டு அமெரிக்காவில் 2002-ல் ஜார்ஜியாவின் சவானா பக்கத்தில் முதலில் தென்பட்டது, அது பரப்பும் நோய் ஃபுளோரிடாவின் அவகாடோ மரங்கள் வரை போய்விட்டது, இப்படிப் பூச்சிகள் ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் யாரோ காரில் ஏற்றிய விறகில்தான். அங்கேயே வாங்குங்கள், தரையில் தீ மூட்ட அனுமதி உண்டா என்று வரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடையில் அங்கே சாயங்காலம் இடியோடு மழை கொட்டும். பாதி வெந்த சாப்பாட்டோடு கரி அடுப்பை டென்டுக்குள்ளோ வாசல் மறைப்புக்குள்ளோ இழுத்துவிடக் கூடாது, அணைந்த மாதிரி தெரியும் கரியைக்கூட. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அன்றைக்கு ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும் சாப்பிட்டுக்கொள்ளலாம், மழைநாளுக்கென்று அடுப்பு வேண்டாத ஒரு வேளைச் சாப்பாட்டை எப்போதும் தனியாக எடுத்து வையுங்கள்.

மிக்கி மவுஸ் முக வடிவத்தில் சுடும் மிக்கி அப்பத்துக்கு எந்திரம் தூக்க வேண்டாம், இரும்புக் கல்லில் ஒரு பெரிய வட்டம், அதைத் தொட்டு இரண்டு சின்னக் காது, அவ்வளவுதான். மாவுப் பொடியை வீட்டிலேயே அளந்து பையில் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து யுனிவர்சல் பூங்காவில் விற்கும் ஹாரி பாட்டர் பானமான பட்டர்பியர் செய்பவர்கள் சோடாவைக் கொதிக்க வைத்துவிடுகிறார்கள், காற்றெல்லாம் போய்ச் சர்க்கரைத் தண்ணீர் ஆகிவிடும். பட்டர்ஸ்காட்ச் பாகை மட்டும் இளக்கி, குளிர்ந்த க்ரீம் சோடாவை அதன்மேல் ஊற்றுங்கள்.

ஒரு ராத்திரிக்கு ஒரு பூங்கா ஐட்டம் போதும், மூன்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் நடந்து களைத்த பிள்ளைகள் பசியில் அழுவார்கள். வான்கோழிக் காலைப் பூங்காவுக்குப் போகாத நாளில் வையுங்கள், பூங்கா நாளில் கம்பிச் சுர்ரோ. சாப்பிட்டு முடித்ததும் எலும்பு, ஃபாயில், சர்க்கரைத் தட்டு எல்லாவற்றையும் அப்போதே குப்பைத் தொட்டியில் போட்டு, கூலரைக் காரில் ஏற்றிப் பூட்டிவிடுங்கள். 2023 செப்டம்பரில் டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டத்துக்குள்ளேயே ஒரு கரடி மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது, பட்டையும் வெண்ணெயும் மணக்கும் மேசையை அந்தப் பக்கத்துக் காட்டில் ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவைக்காதீர்கள்.