பழைய பங்களாவைப் பல வீடுகளாகப் பிரிக்கும்போது: கழிவுத்தொட்டி மூடியைத் தேடிவிட்டுச் சுவர் எழுப்புங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட நகரங்களில் பழைய பங்களாக்களும் பெரிய பலகை வீடுகளும் பாதி பூட்டிக் கிடக்கின்றன. வாடகை வீடு தேடும் இளம் குடும்பங்களோ அலைந்துகொண்டிருக்கின்றன. அதனால் ஒரு வீட்டை மூன்று நான்காகப் பிரிக்கும் வேலை கூடிவருகிறது. இதில் முதலில் இறங்கியவர்கள் பட்ட அடியையே புதிதாக வருகிறவர்களும் படுகிறார்கள். மட்டமான சிமெண்டு, முன்பணத்தோடு மறையும் காண்ட்ராக்டர் போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விடுவோம்.

சுவரை முதலில் வரைவது

பெரும் பணத்தை விழுங்கும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திருந்தாதது என்பதால் எரிச்சலும் கூடுகிறது. தரையில் சாக்குக்கட்டியால் நான்கு கட்டம் போடுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மிஞ்சிய மூலை கழிப்பறை ஆகிவிடும். நான்கு வீடு, நான்கு மூலை, நான்கு திசையில் குழாய்.

கணக்கைப் பாருங்கள். கழிப்பறைக்கு 100 மி.மீ. குழாய், சரிவு 40க்கு 1. கழிவுத்தொட்டி 12 மீட்டர் தள்ளி இருந்தால் குழாய் 30 செ.மீ. இறங்கியாக வேண்டும். பலகைத் தரை வீட்டில் அந்தக் குழாய் தரைக்கு அடியில் தொங்கும். தாங்கி போதாவிட்டால் நடுவில் தொய்ந்து, அங்கேயே அடைக்கும். சிமெண்டுத் தரை என்றால் நெடுக உடைக்க வேண்டும். உடைத்த பிறகுதான் தொட்டியின் நுழைவாய் குழாயைவிட உயரத்தில் இருப்பது தெரியவரும். உடனே கழிப்பறைத் தரையை ஒன்றரை அடி தூக்குவார்கள். மேலே தலை இடிக்கும். கழிப்பறைக்குக்கூட 2 மீட்டர் உயரம் வேண்டும் என்பது சட்டம்.

அடுத்தது தொட்டி. கழிவுநீர்க் கணக்கில் ஒரு வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர். நான்கு வீட்டுக்கு 4,500 லிட்டர். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய தொட்டியில் இவ்வளவு பாய்ந்தால் கசடு அடியில் படிய நேரமே இராது. நீரோடு சேர்ந்து வெளியேறி உறிஞ்சுகுழியை அடைத்துவிடும். களிமண் நிலத்தில், மழைக்காலத்தில், குழி நிரம்பி முற்றத்துக்கு வரும். இதில் தொட்டி மூடியின் மேல் புதுச் சமையலறை கட்டி ஓடு ஒட்டிவிடுகிறவர்களும் உண்டு. பிறகு கசடு உறிஞ்சும் லாரி வந்தால் குழாயை எங்கே விடுவது?

முறையான வரிசை இது. முதல் நாளே மூடியைத் திறந்து, நுழைவாய் மட்டத்தைத் தண்ணீர் டியூப் (மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய குழாய்) பிடித்து அளந்து, வீட்டுத் தரை மட்டத்தோடு ஒப்பிடுங்கள். தொட்டி போதுமா என்று கணக்குப் பாருங்கள். போதாவிட்டால் புதுத் தொட்டிக்கு முற்றத்தில் இடம் ஒதுக்குங்கள். பிறகு ஈர அறைகளை முதுகோடு முதுகாக வையுங்கள்: ஒரே சுவரின் இரு பக்கமும் இரண்டு வீடுகளின் கழிப்பறையும் சமையலறையும். படுக்கையறைச் சுவர் கடைசியில் வரட்டும். ஓடு ஒட்டுவதற்கு முன் குழாயின் கீழ்முனையை அடைத்து, தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்து, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். இறங்கினால் இணைப்பு ஒழுகுகிறது.

பலகைத் தரையில் குளியலறை

வேண்டாம். பின்பக்கம் கான்கிரீட் தளம் போட்டுக் கட்டுங்கள்.

சீலிங்கோடு நிற்கும் தடுப்பு

மேலே கூரைவெளி பொதுவாகவே இருந்தால் ஒரு வீட்டுத் தீ நான்கு வீட்டுக்கும் பரவும். பக்கத்து வீட்டுப் பேச்சும் எலியும் அதே வழியில் வரும். 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டட உபவிதிகள் இரு வீடுகளுக்கு நடுவே உள்ள பொதுச்சுவருக்கு 200 மி.மீ. கனம் கேட்கின்றன, கூரையைத் தாண்டி 225 மி.மீ. உயரவும் வேண்டும். அந்தக் கனத்தைப் பலகைத் தரை தாங்காது. சுவருக்குத் தனி அடித்தளம் போடுங்கள்.

சன்னல் இல்லாத நடு அறை

சன்னல் பரப்பு தரைப் பரப்பில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். காற்றுக்குத் திறப்பது இருபதில் ஒரு பங்கு. முதல் அறை குறைந்தது 11 சதுர மீட்டர், இரண்டாவது 9.3, மற்றவை 6.5. இதற்குக் கீழே போனால் ஒப்புதலுக்குக் கொடுத்த வரைபடம் திரும்பி வரும்.

பழைய ஒயரிங்

முழுவதும் மாற்றுங்கள். சுடுநீர்க் கருவிக்கு 10 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் போடுங்கள்.

சாம்பல் நிறப் பழைய கூரைத் தகடு

ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ரம்பமோ துளைக்கருவியோ வைக்காதீர்கள்.

கிராண்டை (நில உரிமைப் பத்திரத்தை) பார்க்காமல் வாங்குவது

தோட்ட நிலம் பெரும்பாலும் ‘பெர்த்தானியான்’ என்ற விவசாய வகையில் இருக்கும். வீட்டை நான்காகத் தடுத்ததால் கிராண்ட் நான்காகிவிடாது. தனித்தனியாக விற்கும் எண்ணம் இருந்தால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நில அலுவலகத்தில் வகையையும் நிபந்தனையையும் கேட்டுவிடுங்கள்.