பெர்பெத்துவாவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி

மார்ச் 7 திருநாள் நெருங்கினால் எங்கள் மறைக்கல்வி வகுப்பில், கிறிஸ்தவர்களாக இருந்ததற்காகக் கொல்லப்பட்ட பெர்பெத்துவா, பெலிசித்தா என்ற இரு புனிதப் பெண்களின் கதையை நான்தான் சொல்வேன். புதிதாக வகுப்பெடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அரங்கத்தில் அவர்கள்மேல் ஏவிவிட்ட மிருகங்களை வைத்துத் தொடங்காதீர்கள், சிறையில் தொடங்குங்கள். ஆண்டு 203. ஊர் கார்த்தேஜ், இன்றைய துனிசியாவில் இருக்கிறது. பெர்பெத்துவாவுக்கு 22 வயது, கையில் பால்குடிக் குழந்தை. சிறையில் அவள் எழுதிய குறிப்பு இன்றும் இருக்கிறது. அப்படியொரு இருட்டைப் பார்த்ததே இல்லை, பயந்துபோனேன் என்கிறாள். இந்த வரியைக் கட்டாயம் சொல்லுங்கள். பயமே அறியாதவள் என்றால் பிள்ளைகள் அவளை பீடத்துச் சுரூபமாகத்தான் பார்ப்பார்கள். குழந்தையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும், சிறையே அரண்மனை ஆகிவிட்டதாம் அவளுக்கு.

அப்புறம், விசுவாசத்தை விட்டுவிடச் சொல்லி அவளிடம் கெஞ்சும் அப்பா. இங்கே அவசரமே வேண்டாம். ஒரு குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். "இதை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா?" என்று கேட்கிறாள். "முடியாது" என்கிறார். "நானும் அப்படித்தான். கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு எதுவாகவும் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது." அவரைக் கெட்டவராக்கிவிடாதீர்கள். மகளின் கையை முத்தமிட்டு, காலில் விழுந்து அழுத மனிதர் அவர். விசாரணையில் ஆளுநர் இலாரியான் அவரைப் பிரம்பால் அடிக்கவைத்தபோது, அந்த அடி தன்மேல் விழுந்ததுபோல அவளுக்கு வலித்தது. அப்போதும் அவள் விசுவாசத்தை மறுதலிக்கவில்லை. மிருகங்களை எதிர்கொண்டதைவிட இதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும் என்பேன்.

சின்னவர்களை அவள் கண்ட கனவை வரையச் சொல்லுங்கள்: வானம் தொடும் வெண்கல ஏணி, இருபுறமும் வாளும் ஈட்டியும், அடியில் பெரிய பறவைநாகம். அதன் தலையை முதல் படியாக மிதித்து ஏறுகிறாள்.

அரங்கத்தைச் சுருக்கமாக முடியுங்கள். வெறிகொண்ட பசு முட்டித் தள்ளியும் எழுந்து, கலைந்த கூந்தலைச் சரிசெய்து, விழுந்துகிடந்த அடிமைப் பெண் பெலிசித்தாவைக் கைகொடுத்துத் தூக்கினாள். வாளேந்திய இளைஞனின் நடுங்கும் கையைத் தானே கழுத்துக்குக் கொண்டுபோனதை, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லுங்கள்.

"பாப்பா என்ன ஆச்சு?" என்று யாராவது கேட்பார்கள். பதில் தயாராக இருக்கட்டும். பெர்பெத்துவாவின் மகன் அவள் அப்பாவிடம் இருந்தான், தாய்ப்பாலையும் மறந்துவிட்டான். பெலிசித்தா சிறையில் எட்டாம் மாதத்தில் பெற்ற மகளை ஒரு கிறிஸ்தவச் சகோதரி வளர்த்தார்.