கம்பை அள்ளிப் போட்டால் புறாதான் வரும்

எங்கள் அலுவலகத்துத் தம்பி ஒருவர் போன மாதம் மொட்டை மாடியில் பறவைகளுக்குத் தீனி வைக்க ஆரம்பித்தார். மூன்றாம் நாளே வாட்ஸ்அப்பில் ஒரு படம். "அண்ணே, எத்தனை வந்திருக்கு பாருங்க!" எண்ணிப் பார்த்தேன். 38. அத்தனையும் மாடப்புறா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பூரிப்போடு இதே மாதிரிப் படத்தை நாலு பேருக்கு அனுப்பியவன் நான். அதனால் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

உப்புப் போட்ட சோறு வைக்காதீர்கள், பூனை ஏறுகிற இடத்தில் தட்டை வைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

படிக்கணக்கில் தீனி போடுவது

இதை மட்டும் நீளமாகச் சொல்லியாக வேண்டும். காசும் போய், அக்கம்பக்கத்துப் பேச்சுவார்த்தையும் நின்றுபோன விஷயம் இது.

தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் எங்கள் வீடு. ஆரம்பத்தில் தினம் ஒரு பிடி கம்பு போட்டுக்கொண்டிருந்தேன். ஏழெட்டுச் சிட்டுக்குருவி, ஒரு ஜோடி புள்ளிப்புறா, கூடவே இரண்டு அணில். காபி டம்ளரோடு உட்கார்ந்தால் அரை மணி நேரம் போவதே தெரியாது. ஒரு பிடிக்கே இவ்வளவு என்றால் ஒரு படி போட்டால் எப்படி இருக்கும் என்று புத்தி போனது. மூட்டையாக எடுத்தால் விலை சல்லிசு என்று 25 கிலோ கம்பு வாங்கி மாடிப்படிக்கு அடியில் போட்டேன்.

முதல் வாரம் நாலு மாடப்புறா வந்தது. ஒரு மாதத்தில் அறுபதைத் தொட்டுவிட்டது. சிட்டுக்குருவிகள் கைப்பிடிச் சுவர் வரைக்கும் வந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடும். அப்புறம் அதுவும் நின்றது.

ஏன் இப்படி ஆகிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. சிட்டுக்குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும். நீங்கள் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் தெருவில் பூச்சி இல்லையென்றால் குஞ்சு தேறாது. புறாவின் கதை வேறு. ஆண், பெண் இரண்டின் தொண்டைப் பையிலும் பால் மாதிரி ஒன்று சுரக்கும். புறாப்பால் என்பது அதுதான். தான் தின்ற தானியத்தைப் பாலாக்கிக் குஞ்சுக்குக் கொடுத்துவிடும், பூச்சி தேவையே இல்லை. நீங்கள் போடுகிற கம்பு நேராகப் புறாக்குஞ்சாக மாறுகிறது. ஒரு தடவைக்கு இரண்டு முட்டை, பொரிக்கப் பதினெட்டு நாள், பறக்க ஒரு மாதம். தீனிக்குத் தட்டுப்பாடு இல்லையென்றால் வருஷம் பூரா இதே வேலைதான். பாறை இடுக்கில் வாழ்ந்த இனம் என்பதால் கோபுர மாடம், சன்ஷேட், ஏசி பெட்டிக்குப் பின்னால் உள்ள சந்து எல்லாமே அதற்கு வீடு.

எதிர்வீட்டு அக்கா காயப்போட்ட கூழ் வடாத்தில் எச்சம். எங்கள் சோலார் தகட்டில் எச்சம், வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவ வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இருமல் விடாமல் இருக்க, டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பக்கத்துல புறா ஏதாச்சும் இருக்கா?" காய்ந்த எச்சமும் இறகுத் தூளும் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையைக் கொண்டுவரும். மும்பையில் மக்கள் புறாக்களுக்குத் தீனி போடும் பொது இடமான தாதர் புறாக்கூடத்தை 2025-இல் மாநகராட்சி மூடியதற்கும் இந்தச் சுகாதாரப் பிரச்சினையைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

தீனியை நிறுத்தினேன். மூன்று வாரம் வரைக்கும் விடியற்காலையில் வரிசையாக வந்து உட்கார்ந்து கதவையே பார்க்கும். கடைசியில் எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் சேர்த்து 14,000 ரூபாய்க்கு வலை அடித்தேன். மிச்சம் இருந்த கம்பில் வண்டு விழுந்துவிட்டது.

"பாவம்ணே, பசிக்குமே" என்கிறார் தம்பி. ஊர்ப் பறவை எதுவும் நம் தட்டை நம்பிப் பிழைக்கவில்லை. நாம் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காகப் போடுகிறோம், அவ்வளவுதான். பார்க்க ஒரு பிடி போதும்.

இப்போது நான் செய்வது இது. அறுவடை சமயத்தில் தெரிந்த விவசாயியிடம் கதிரோடு நெல் தாள் கொஞ்சம் வாங்கி, கொத்தாகக் கட்டி, மாடித் தாழ்வாரக் கொக்கியில் தொங்கவிடுகிறேன். அந்தக் காலத்து வீடுகளில் வாசலில் கட்டியிருப்பார்களே, அதேதான். சிட்டுக்குருவி தாவிப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கும். கொத்து ஊஞ்சல் மாதிரி ஆடும். ஒரு நெல்லை உருவி, அலகிலேயே உருட்டி, உமியைத் துப்பும். கீழே உமி மெதுவாக விழுந்துகொண்டே இருக்கும். மாடப்புறாவுக்கு இந்த வித்தை வராது. ஒன்று வந்து சிறகைப் படபடவென்று அடித்துப் பார்த்தது, கால் நிற்கவில்லை, போய்விட்டது. கதிர் இல்லாத மாதங்களில் காலை ஆறரைக்கு ஒரு பிடி தினை. எட்டு மணிக்குத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். மிச்சம் இருந்தால் மறுநாள் பாதிப் பிடிதான். ராத்திரிக்குத் தானியம் கிடந்தால் எலி வரும்.

தண்ணீரை மாற்றாமல் விடுவது

கோடையில் தானியத்தைவிடத் தண்ணீருக்குத்தான் அதிக விருந்தாளி. பூச்சி தின்கிற தையல்சிட்டு, பழம் தின்கிற குக்குறுவான் என்று தானியத் தட்டைத் திரும்பியே பார்க்காதவை எல்லாம் தண்ணீருக்கு வரும். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அகலமான மண் தட்டு, நடுவில் கால் வைக்க ஒரு கருங்கல்.

தினமும் தண்ணீரை மாற்றுவதோடு தட்டின் உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்க்கவும் வேண்டும். டெங்கு கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில்தான் முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது, காய்ந்தே மாதக்கணக்கில் கிடக்கும். பறவைக்கும் ஆபத்து உண்டு. புறாக்களின் தொண்டையில் இருக்கும் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, எச்சில் பட்ட தண்ணீர், தானியம் வழியாக மற்றதுக்குத் தொற்றும். பிரிட்டனில் 2005 வாக்கில் இது தோட்டத் தீனிக்கு வரும் கிரீன்ஃபின்ச் குருவிகளுக்குப் பரவி, அவற்றின் எண்ணிக்கையே சரிந்துபோனது. உப்பிப்போய், இறகைச் சிலிர்த்துக்கொண்டு, பக்கத்தில் போனாலும் பறக்காமல் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் தட்டு, சட்டி எல்லாவற்றையும் இரண்டு வாரத்துக்கு எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி

வாங்காதீர்கள். அது அமெரிக்காவில் தேன் குடிக்கும் ஹம்மிங்பேர்டு என்ற குட்டிப் பறவைக்காகச் செய்தது. ஒரு செம்பருத்தி, ஒரு இட்லிப்பூச் செடி வையுங்கள், தேன்சிட்டு தானாக வரும்.

அவசரமாகப் பெயர் வைப்பது

சின்னதாக, பழுப்பாக இருந்தால் சிட்டுக்குருவி என்று எழுதிவிடுகிறார்கள். அதில் பாதி சில்லை என்ற வேறு குருவியாக இருக்கும். நான் செய்தது இதைவிட மோசம். பப்பாளி மரத்தில் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும் கோடுமாகப் பழுப்பு நிறத்தில் நீள வாலோடு ஒரு பறவை. வேட்டைப் பறவை என்று முடிவுகட்டி, அரிய வகை என்று நண்பர்களை வரவழைத்துக் காட்டினேன். ஒரு பெரியவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "தம்பி, அது குயில். பொட்டைக் குயில்," என்றார். கூவுகிற கருப்பு ஆணை மட்டுமே குயில் என்று நினைத்திருந்த காலம் அது. அது பப்பாளியைக் கொத்திக்கொண்டிருந்ததையாவது கவனித்திருக்கலாம்! நிறத்துக்கு முன்னால் அலகு, என்ன தின்கிறது, எப்படி உட்காருகிறது என்று பாருங்கள். தேன்சிட்டிலும் ஆணும் பெண்ணும் வேறு வேறு பறவை மாதிரிதான் இருக்கும்.

தரையில் உட்கார்ந்திருக்கும் குஞ்சைத் தூக்கிவருவது

இறகு முளைத்து, வால் மட்டும் கட்டையாக இருந்தால் அது பறக்கப் பழகுகிறது. அம்மா பக்கத்து வேலியில்தான் இருக்கும். பூனை நடமாட்டம் இருந்தால் எடுத்துக் கிளையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை.

கண்ணாடியைக் கொத்தும் சின்னான் (கொண்டைக்குருவி)

தன் நிழலோடு சண்டை போடுகிறது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் பழைய துணியைத் தொங்கவிடுங்கள்.

எண்ணாமல் பார்ப்பது

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், எது, எத்தனை. பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து எண்ணினால் அதை ஈபேர்ட் என்ற பறவைக் கணக்கு இணையதளத்தில் ஏற்றலாம். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க இப்படி எண்ணுகிறார்கள், நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். காக்கையையும் மைனாவையும் எழுதாமல் விடாதீர்கள். என் பழைய நோட்டில் சிட்டுக்குருவிக்கு நேரே 9, 7, 4, 4, 1 என்று இறங்கி, அப்புறம் கோடு கோடாக இருக்கிறது. எழுதிக்கொண்டுதான் இருந்தேன், புரட்டிப் பார்க்கவில்லை.

வல்லூறு வந்து புறாவைத் தூக்கினால்

விரட்டாதீர்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.