ஐஸ் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? த்ரில்லர் திரைக்கதை எழுதும் முறை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியலுக்கு முந்தைய ஏலம் முடியும் வேளையில், ஒருவர் லோடு ஆட்டோ ஓட்டுநரிடம் ஐஸ் பெட்டி ஒன்றைக் கொடுத்து, வியாசர்பாடியில் ஒரு வீட்டில் சேர்க்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் இருப்பது மீன் இல்லை. இந்த ஒரு சூழலிலிருந்தே த்ரில்லரின் முக்கிய வகைகள் அனைத்தையும் எழுதிவிட முடியும். பெட்டிக்குள் இருப்பது யாருக்குத் தெரிகிறது, எப்போது தெரிகிறது என்பதுதான் படத்தின் வகையைத் தீர்மானிக்கிறது. வடசென்னையைக் களமாகக் கொண்டு குறும்படம் எடுக்க வரும் இளைஞர்களின் திரைக்கதைகளில் முதல் காட்சியிலேயே கத்தி வந்துவிடுகிறது. இந்தக் கேள்விக்கான விடையோ கடைசிவரை வருவதில்லை. அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

எனவே சீன் ஆர்டர் (காட்சிகளின் வரிசைப் பட்டியல்) எழுதும் முன் ஒரு தாளில் பார்வையாளர், ஓட்டுநர், பெட்டியைக் கொடுத்தவர் என மூன்று பத்திகள் போட்டு, ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் மூவருக்கும் என்ன தெரியும் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பத்திகளிலும் ஒரே விஷயம் இருக்கும் காட்சியில் விறுவிறுப்பு இருக்காது. 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நிகழ்த்திய நீண்ட உரையாடலில் ஹிட்ச்காக் இதையே மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டை வைத்து விளக்கினார். குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது பதினைந்து விநாடி அதிர்ச்சி. அவருக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் கிடைப்பது பதினைந்து நிமிட சஸ்பென்ஸ்.

கொருக்குப்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அவசரமாகப் போகும் நாளில் "கேட் போட்டுட்டான்" என்ற சொல் எப்படி வயிற்றைப் பிசையும் என்பதை அவர்கள் அறிவார்கள். நம் ஆட்டோ அந்தக் கேட்டில் நிற்கிறது. சரக்கு ரயில் மெதுவாக ஊர்கிறது. ஓட்டுநர் பக்கத்து வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருக்க, பெட்டியின் மூலையிலிருந்து ஒரு துளி சொட்டுகிறது. துளி சிவப்பாக இருப்பதைப் பார்வையாளர் மட்டும் பார்க்கிறார். யாரும் ஓடவில்லை, யாரும் அடிக்கவில்லை. ஆனாலும் ரயிலின் கடைசிப் பெட்டி கடக்கும்வரை அரங்கில் மூச்சுச் சத்தம் கேட்காது. இந்தக் காட்சியை வெட்டிச் சுருக்காதீர்கள். இங்கே நீளம்தான் பலம்.

பார்வையாளருக்குத் தெரியாததை ஒரு பாத்திரம் மறைத்து வைத்திருந்தால் கதை மர்மக் கதையாக மாறுகிறது. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' இவ்வகைக்குத் தமிழில் இன்றும் நல்ல பாடம். பாடலே இல்லாத அந்தப் படம், 1943இல் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நாள்களைப் பின்னணியாக வைத்து, கொலையைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டு, விசாரிக்கப்படுபவர்களின் கூற்றுகள் வழியாகப் பின்னோக்கிச் செல்கிறது. மர்மக் கதையில் மீறக்கூடாத மரபு ஒன்று உண்டு: துப்புகள் அனைத்தும் பார்வையாளரின் கண்முன்னே கிடந்திருக்க வேண்டும். ஏலக் காட்சியில் ஒரு முறைகூடத் தலைகாட்டாதவரைக் கடைசியில் குற்றவாளி ஆக்குவது ஏமாற்று வேலை.

போலீஸ் விசாரணைக் கதைக்கு நடைமுறை அறிவு தேவை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தை பாரதிய நியாய சன்ஹிதா பெற்றுவிட்டது. அதற்குப் பின் நடக்கும் கதையின் கொலை வழக்கில் ஆய்வாளர் "302" என்று பிரிவு எழுதினால் தவறு, 103 என்றே எழுத வேண்டும். கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற விதி, திரைக்கதைக்குக் கெடிகாரமாகவே பயன்படும்.

உளவியல் த்ரில்லரில் பெட்டியைத் தன்னிடம் யாராவது கொடுத்தார்களா என்பதிலேயே ஓட்டுநருக்குச் சந்தேகம் வந்துவிடும். துரத்தல் படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியின் பின்னால் பலர் ஓடுவார்கள், அவ்வளவே. எனக்கு மிகவும் பிடித்தது சதி த்ரில்லர். பெட்டிக்குள் இருப்பது, ஆலைக் கழிவால் மாசுபட்ட எண்ணூர் கழிமுகத்தில் பரிசோதனைக்காக எடுத்த ஒரு பாட்டில் தண்ணீர் என்று வைத்துப் பாருங்கள். கஞ்சாப் பொட்டலத்தைவிட அந்த ஒரு பாட்டில் தண்ணீருக்காக அஞ்சுபவர்கள் அதிகாரம் மிக்கவர்களாக இருப்பார்கள். இந்தப் பகுதி மக்களின் வாழ்க்கைக்கும் அது நெருக்கமானது.

நாள்காட்டியையும் சரிபாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மே மாதக் கதையில் விசைப்படகிலிருந்து கூடை கூடையாக மீன் இறங்கினால் காசிமேட்டுக்காரர்கள் அங்கேயே படத்தை நம்புவதை நிறுத்திவிடுவார்கள். மாறாக, படகுகள் கட்டிக் கிடக்கும் நாள்களில் ஐஸ் பெட்டிகள் மட்டும் தொடர்ந்து வெளியே போகின்றன என்றால் அதுவே முதல் துப்பு.

முழுநீளப் படமாக எழுதுகிறவர்களுக்கு நம் திரையரங்குகளின் இடைவேளை கூடுதல் பொறுப்பு. அங்கே சண்டையை வைப்பதைவிட, தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்பதைத் தலைகீழாக்குங்கள்: ஓட்டுநர் பெட்டியைத் திறந்து பார்க்கிறார், நமக்கோ அவர் முகம் மட்டுமே தெரிகிறது.

எழுதி முடித்ததும், பெட்டியைக் கொடுத்தவரின் பக்கத்திலிருந்து கதை முழுவதையும் ஒரே தாளில் மறுபடி எழுதுங்கள். அத்தனை வண்டிகள் நின்ற இடத்தில் இந்த ஓட்டுநரை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார்? விடை கதைக்குள் இல்லையென்றால், ஏலக் காட்சிக்குத் திரும்பிச் சென்று அங்கிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.