ஏசி அறையில் தொண்டை வறள்கிறதா? ஹியூமிடிஃபையர் வைக்கும் முறை

குமரி மாவட்டக் கடலோரத்தில், குளச்சல், முட்டம் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறவர்களுக்கு ஹியூமிடிஃபையர், அதாவது அறைக்காற்றில் ஈரம் சேர்க்கும் கருவி, தேவையே இல்லை, கடல்காற்றிலேயே ஈரம் போதுமான அளவு இருக்கிறது. ஆடிக்காற்றுக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு ராத்திரி முழுக்க ஏசி போடுகிற ஆரல்வாய்மொழி, தோவாளை வீடுகளில் கதை வேறு. ஏசியிலிருந்து குழாய் வழியாகச் சொட்டுகிற தண்ணீர் அத்தனையும் அறைக்காற்றில் இருந்த ஈரம்தான். எங்கள் அம்மாவுக்குக் காலையில் எழுந்தால் உதடு வெடித்து, தொண்டை வறண்டு பேச்சே வராது, அதைப் பார்த்துத்தான் நான் இதில் இறங்கினேன்.

முதலில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி ராத்திரி படுக்கையறையில் வைத்துப் பாருங்கள். 30 முதல் 50 சதவீதம் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். அதற்குக் கீழே போனால் ஏசியை 26 டிகிரிக்கு ஏற்றிப் பாருங்கள், அப்போதும் ஏறவில்லை என்றால்தான் ஹியூமிடிஃபையர். 60ஐத் தாண்டவிடாதீர்கள், சுவரில் பூஞ்சை பிடிக்கும், தூசிப்பூச்சி பெருகும், வீசிங் இருக்கிறவர்களுக்கு அது வறட்சியை விட மோசம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஹியூமிடிஃபையரை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர். பலரும் தவறு செய்கிற இடம் இதுதான். கடைகளில் அதிகம் கிடைப்பது அல்ட்ராசானிக் வகை (அதிர்வால் தண்ணீரைப் புகைபோலத் தெளிப்பது), அது தண்ணீரோடு சேர்த்து அதிலுள்ள உப்பையும் காற்றில் தூவிவிடும், அதனால் போர் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் கட்டில், மேசையெல்லாம் வெள்ளைப் பொடி படியும், அதையேதான் நாமும் சுவாசிக்கிறோம். கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. ஆர்ஓ தண்ணீரோ டிஸ்டில்ட் வாட்டரோ ஊற்றுங்கள். ஏசியில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றாதீர்கள், உப்பு குறைவு என்றாலும் ஏசிக்குள் இருக்கிற தூசியும் கிருமியும் அதில் சேர்ந்து வரும். தைலமும் யூக்கலிப்டஸ் எண்ணெயும் தொட்டிக்குள் வேண்டவே வேண்டாம்.

மிச்சத் தண்ணீரை தினமும் கொட்டித் தொட்டியைத் துடைத்துக் காயவிடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசுங்கள். கருவியைத் தரையில் வைக்காமல் ஸ்டூலில், கட்டிலிலிருந்து மூன்றடி தள்ளி, சுவரில் படாமல் வையுங்கள். சுடுநீராவி வகை என்றால் குழந்தைகள் இருக்கிற அறையில் வைக்காதீர்கள், சரிந்தால் வெந்துவிடும்.

காசு செலவழிக்கும் முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள்: ஒரு பெரிய துவர்த்தை (துண்டை) நனைத்துப் பிழிந்து ஏசி அறைக் கொடியில் விரித்துப் போடுங்கள். காலையில் அது காய்ந்திருக்கும், அந்த ஈரம் அறைக்குள்தான் போயிருக்கும்.