பார்க்காமலே செயல்படும் மன்றங்கள்: கத்தோலிக்கப் பள்ளிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி திறந்த சில நாள்களில் அறிவிப்புப் பலகையில் மன்றங்களின் பட்டியல் ஏறிவிடும். சாரணர், தேசிய மாணவர் படை, இளம் செஞ்சிலுவைச் சங்கம் என்று எந்தப் பள்ளியிலும் இருப்பவை ஒருபுறம். மரியாயின் சேனை, இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம், பாடகர் குழு என்று கத்தோலிக்கப் பள்ளிக்கே உரியவை மறுபுறம். காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது இவற்றில் பாதி பலகையில் மட்டுமே உயிரோடு இருக்கும். ஆர்வமில்லாத பிள்ளைகள் என்று பழி போடுவது சுலபம். பெரும்பாலும் தவறு பெரியவர்களுடையது.

இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பார், சிந்தி, செயல்படு என்பது அதன் வழிமுறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த குரு ஜோசப் கார்டைன் இளம் தொழிலாளர்களிடையே பணியாற்றி உருவாக்கியது. 1961-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் தமது சுற்றுமடலிலேயே இதைப் பரிந்துரைத்தார். ஆனால் நம் பள்ளிகளில் முதல் இரண்டு படிகளையும் யாரும் மிதிப்பதில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கூட்டம் கூடும். "இந்த மாதம் நெகிழி ஒழிப்புப் பேரணி" என்று பொறுப்பாசிரியர் அறிவிப்பார். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். பேரணிக்கு முன்னால் பிடித்துச் செல்ல ஒரு ஃபிளெக்ஸ் பேனர் அச்சாகும். அதுவும் நெகிழிதான் என்பதை யாரும் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. பள்ளி வாசல் கடையில் என்ன விற்கிறது என்று பார்த்துவர அந்தப் பிள்ளைகளை ஒருவரும் அனுப்பவில்லை.

அதே கூட்டத்தில் "இந்த வாரம் பள்ளியில் உங்களை உறுத்தியது எது?" என்று கேட்டுவிட்டு, ஆசிரியர் ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் இருந்து பார்க்கட்டும். முதலில் சிரிப்பு வரும். பிறகு ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொல்வாள்: கழிப்பறையில் தண்ணீர் வராததால் மதியம் வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று. ஏன் வரவில்லை, எந்த நேரத்தில் நிற்கிறது, யாரிடம் சொல்ல வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினால் அதுதான் மன்றம். தலைமையாசிரியருக்கு அந்தக் குறிப்பேடு சங்கடம் தரலாம். தரட்டும்.

முதியோர் இல்லத்துக்குப் போவதிலும் இதே கோளாறு. அரிசி மூட்டையைக் கொடுத்து, பாட்டிகளை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்து, ஒரு மணி நேரத்தில் வேன் ஏறிவிடுகிறார்கள். 1833-இல் பாரிஸில் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கிய மாணவர்களில் ஒருவரான பிரெடெரிக் ஓசானாமுக்கு அப்போது இருபது வயதுதான். ஏழைகளின் வீடுகளுக்கே நேரில் போய்ப் பழகுவதைத்தான் அவர்கள் பணியாகக் கொண்டார்கள். எனவே படம் எடுப்பதை விடுங்கள். நான்கு பிள்ளைகள் போனாலும் போதும், அடுத்த மாதமும் அதே நால்வர் போகட்டும்.

மதம் தொடர்பான தவறு இரு பக்கமும் நடக்கிறது. கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளே மிகுதியாகப் படிக்கும் பள்ளிகள் தமிழ்நாட்டில் ஏராளம். சில பள்ளிகளில் அவர்களையும் கேட்காமல் செபமாலைக்கு வரிசையில் நிறுத்திவிடுகிறார்கள். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிறுவனத்தில் வழிபாட்டிலோ சமயப் போதனையிலோ சம்மதமின்றி யாரையும் பங்கேற்கச் செய்யக் கூடாது, சிறார் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. வேறு சில பள்ளிகளிலோ இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தின் பெயரில் 'கிறிஸ்தவ' என்று இருப்பதாலேயே மற்றப் பிள்ளைகளை அண்டவிடுவதில்லை. அவர்களும் சேர வேண்டும் என்றுதான் இந்தியாவில் இந்த இயக்கம் 'இளம் மாணவர் இயக்கம்' என்ற பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது. கழிப்பறைத் தண்ணீருக்கு மதம் கிடையாது.

சான்றிதழுக்காகச் சேருகிறவர்களுக்கு ஒரு நடைமுறை எச்சரிக்கை. சாரணரில் ஆளுநர் விருதான ராஜ்ய புரஸ்காருக்கு முன்னால் பிரவேஷ் தொடங்கி திருதிய சோபான் வரை படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சக் காலமும் உண்டு. பத்தாம் வகுப்பில் விழித்துக்கொண்டு ஓடிவந்தால் எட்டாது. ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே சேர்ப்பது நல்லது. ஆனால் ஒரே பிள்ளையை எல்லாவற்றிலும் சேர்க்காதீர்கள். நன்றாகப் பேசும் ஒருத்தியே இலக்கிய மன்றத் தலைவி, பாடகர் குழுத் தலைவி, மாணவர் தலைவி என்று மூன்று பொறுப்பையும் சுமப்பது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. அவளும் களைத்துப் போகிறாள், பின்வரிசைப் பிள்ளைகளுக்கும் வாய் திறக்க வாய்ப்பில்லை. ஆசிரியர் பெயர் சொல்லி நியமிப்பதை நிறுத்திவிட்டு, சீட்டு எழுதிப் போட்டுத் தேர்ந்தெடுக்க விடுங்கள். அமைதியான பையன் வென்றுவிட்டால் முடிவை மாற்றாதீர்கள்.

ஆண்டு விழா வந்துவிட்டால் எல்லா மன்றமும் நடனப் பயிற்சிக்குக் கலைந்துவிடும். இதைத் தடுக்க முடியும் என்று நான் நம்பவில்லை. விழா முடிந்த வாரமே அடுத்த கூட்டம் என்று நாள்காட்டியில் முன்கூட்டியே குறித்துவைத்தால், ஜனவரியில் மன்றத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.