பதவி பெயரில் மேனேஜர், வேலை பில் போடுவது: ஓவர்டைம் யாருக்கு?

ஒரு கடையில் உங்களுக்கு அசிஸ்டன்ட் மேனேஜர் பதவி தருகிறார்கள். மணிக்கணக்கை விட்டு நிலையான சம்பளம், இனி ஓவர்டைம் கிடையாது என்கிறார்கள். நீங்களும் சரி என்று தலையாட்டிவிடுகிறீர்கள். அமெரிக்காவில் நடுத்தரச் சம்பளக்காரர்கள் பலர் பணத்தைக் கோட்டை விடுவது இங்கேதான்.

1938ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டப்படி வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டும் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கூலி. இதிலிருந்து மேனேஜர்களுக்கு விலக்கு உண்டுதான். ஆனால் விசிட்டிங் கார்டில் இருக்கும் பெயரை யாரும் பார்ப்பதில்லை. நிர்வாகம்தான் உங்கள் முக்கிய வேலையா, குறைந்தது இரண்டு முழுநேர ஆட்களை மேய்க்கிறீர்களா, ஆள் எடுப்பதிலும் நிறுத்துவதிலும் உங்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டா என்றுதான் பார்ப்பார்கள். நாள் முழுக்க பில் போட்டு, சரக்கு அடுக்கி, கடைசியில் சாவியை மட்டும் நீங்கள் வைத்திருந்தால் ஓவர்டைம் உங்களுக்கு வரவேண்டியதே.

சம்பள வரம்பும் உண்டு; அதற்குக் கீழே வாங்கினால் மேனேஜர் விலக்கு பொருந்தாது. பழைய செய்தியைப் படித்துவிட்டு ஆண்டுக்கு 58,656 டாலர் என்று நம்பிவிடாதீர்கள். அந்த உயர்வை 2024 நவம்பரில் டெக்சாஸ் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கூட்டாட்சி வரம்பு மறுபடி வாரத்துக்கு 684 டாலருக்கே வந்துவிட்டது. மாநிலச் சட்டம் கூடுதலாகத் தந்தால் அதுதான் செல்லும்; கலிஃபோர்னியாவில் ஒரே நாளில் 8 மணி நேரம் தாண்டினாலே ஓவர்டைம் கணக்கு தொடங்கிவிடும்.

அப்புறம் இந்தச் சராசரிக் கணக்கு. ஒரு வாரம் 50 மணி நேரம், அடுத்த வாரம் 30, ஆக 40தானே என்பார்கள். இல்லை, ஒவ்வொரு வாரமும் தனிக் கணக்கு. மணிக்கு 25 டாலர் வாங்குபவருக்கு முதல் வாரத்தின் அந்த 10 மணி நேரத்துக்கு 375 டாலர் வரவேண்டும். 250 கொடுத்து முடித்தால் 125 போச்சு. "பணத்துக்குப் பதில் இன்னொரு வாரம் லீவு எடுத்துக்கொள்" என்பதும் தனியார் நிறுவனத்தில் செல்லாது. முன் அனுமதி வாங்கவில்லை என்ற சாக்கும் அப்படித்தான்: நீங்கள் உழைப்பது தெரிந்தும் முதலாளி சும்மா இருந்தால் கூலி கொடுத்தே ஆகவேண்டும்.

வந்த நேரம், போன நேரம், வீட்டிலிருந்து பதில் போட்ட மெயில் எல்லாவற்றையும் சொந்த நோட்டில் அன்றன்றே குறித்து வையுங்கள். வழக்குப் போடும் நாளிலிருந்து பின்னோக்கி 2 ஆண்டுப் பாக்கிதான் கிடைக்கும்; முதலாளி தெரிந்தே ஏமாற்றியிருந்தால் 3. தொழிலாளர் துறையில் புகார் கொடுத்தாயிற்றே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அந்தப் புகாரால் இந்தக் காலக்கெடு நிற்காது.